இரண்டு பக்க நோட்டு: வீட்டுப் பணம் மொத்தத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது எப்படி

2023 பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். திரும்பிப் போவதற்கு முந்தின ராத்திரி, பெட்டி கட்டிக்கொண்டே கேட்டார்: "நம்மகிட்ட மொத்தமா எவ்வளவுதான் இருக்கு?" எட்டு வருடமாக அவர் அனுப்பும் பணத்தை வாங்கி, கட்ட வேண்டியதைக் கட்டி, குடும்பத்தை நடத்துவது நான்தான். பாலுக்கு எவ்வளவு, டியூஷனுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். மொத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "இருக்கு, பார்த்துக்கலாம்" என்று சமாளித்தேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்தபிறகு வாங்கிய கடன், கட்டிய வட்டி, வைத்த நகை, வந்த மொய் என்று எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடந்தது. அதைப் பிரிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், அப்புறம் நாலைந்து நடையும் ஆயிற்று. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், தையல்காரி. எனக்கே முடிந்தது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினசரிச் செலவு எழுதுவதில் ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்து ஜனவரி 9-ஆம் தேதியோடு நின்றுபோன டைரி என்னிடம் மூன்று இருக்கிறது. கொத்தமல்லிக்கட்டு பத்து ரூபாய் என்று எழுதுவதால் கடன் எவ்வளவு என்று தெரியாது. ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன இருக்கிறது, என்ன கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள்.

நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்து, மேலே தேதி போட்டேன்: 22.1.2023. தேதி ரொம்ப முக்கியம். எல்லாத் தொகையும் அந்த ஒரு நாளின் தொகையாக இருக்க வேண்டும். போன மாத பாஸ்புக்கையும் இந்த மாதக் கடன் ரசீதையும் சேர்த்தால், இங்கிருந்து எடுத்து அங்கே கட்டிய பணம் இரண்டு பக்கமும் வந்து கணக்கைக் கெடுத்துவிடும். இடது பக்கம் "இருப்பது", வலது பக்கம் "கொடுக்க வேண்டியது".

காகித வேட்டை

எழுதுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் காகிதம் எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டுங்கள். எங்கள் வீட்டில் பீரோ லாக்கரில் பாதி இருந்தது. மீதி டிரங்குப் பெட்டியில், பிஸ்கட் டப்பாவில், சாமி படத்துக்குப் பின்னால். அத்தையின் அரிசிப் பானைக்குள் ஒரு கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ரசீதும் இருந்தது, பிளாஸ்டிக் பையில் சுற்றி. என் பெரிய மகள் பட்டுக்கோட்டையில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவள் ரகம் ரகமாகப் பிரித்தாள்: பாங்க், போஸ்ட் ஆபீஸ், எல்.ஐ.சி., நகை, நிலம், மொய்.

இதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். சாயந்திரம் வரை ஆனது.

இடது பக்கம்

ஒவ்வொரு வரியிலும் ஐந்து விஷயம் எழுதினேன்: என்ன, எங்கே, யார் பெயரில், நாமினி யார், இன்றைக்கு எவ்வளவு. நாமினி கட்டத்தை மகள்தான் போடச் சொன்னாள். போட்டதும் தெரிந்தது, இவருடைய என்.ஆர்.இ. கணக்கின் (வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கான கணக்கு) நாமினி 2017-இல் இறந்துபோன மாமனார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்றாவது இருக்கும், பாருங்கள்.

பாங்க் கணக்குகளுக்கு பாஸ்புக்கில் அன்றைய தேதி வரை என்ட்ரி போட்டு வாங்குங்கள். என் கணக்கில் 18,400, அவருடைய என்.ஆர்.இ. கணக்கில் 2,12,000 இருந்தது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில், வட்டியோடு 66,000. அப்புறம் மறந்தே போன இரண்டு கணக்குகள், இரண்டிலும் சேர்த்து 3,150. அதில் ஒன்று அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்காகத் திறந்தது. இரண்டு வருடம் நாமாக எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். அதோடு, வெளிநாட்டு வேலைக்குப் போனவர் இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான கணக்கு) மாற்ற வேண்டும். எட்டு வருடமாக மாற்றவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், இதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

எல்.ஐ.சி. பாலிசியில் பெரும்பாலானவர்கள் தவறு செய்வது காப்புத் தொகையை எழுதுவதில். நானும் முதலில் 3 லட்சம், 2 லட்சம் என்று இரண்டையும் கூட்டி 5 லட்சம் எழுதினேன். அது அவர் இறந்தால் வரும் தொகை, அல்லது முதிர்வில் போனஸோடு வருவது. இன்றைக்கு என்ன மதிப்பு என்றால், இன்றைக்கு சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை இடையிலேயே முடித்துக்கொண்டால், கையில் கிடைப்பது. கிளை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இரண்டுக்கும் சேர்த்து 1,38,000. ஐந்து லட்சத்தை அடித்துவிட்டு அதை எழுதும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. சரண்டர் செய்யச் சொல்லவில்லை, மதிப்பை மட்டும் எழுதச் சொல்கிறேன்.

சின்ன மகளுக்கு 2016-இல் ஆரம்பித்த செல்வமகள் கணக்கில் 1,94,000 இருந்தது. அதை எழுதி, பக்கத்தில் "தொடக்கூடாது" என்று குறித்தேன். திறந்ததிலிருந்து 21 வருடம் கழித்துத்தான் முதிரும், பெண்ணுக்கு 18 ஆனால் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். இப்படி இடது பக்கத்திலேயே இரண்டு ரகம் பிரித்துவிடுவது நல்லது: இந்த வாரம் எடுக்கக்கூடியது, எடுக்க முடியாதது. பாங்கும் ஆர்.டி.யும் சேர்த்து, உடனே எடுக்கக்கூடியது எங்களிடம் 2,99,550 மட்டும்தான்.

நகையை ரூபாயில் எழுதாதீர்கள். விலை தினம் மாறுகிறது. கிராமில் எழுதுங்கள், பவுனுக்கு 8 கிராம். வீட்டில் இருப்பது, அடகில் இருப்பது என்று தனித்தனியாக. எங்களுக்கு 31 பவுன், அதில் 14 அடகில். கல் வைத்த நெக்லஸை ரசீதில் இருக்கும் மொத்த எடைக்கு எழுதக் கூடாது, கல்லின் எடையைக் கழிக்க வேண்டும். தாலிக்கொடியை எடை போட்டு எழுதி வைத்தேன், கூட்டலில் சேர்க்கவில்லை. அதெல்லாம் அவரவர் இஷ்டம்.

தோப்பும் வீடும் எழுதினேன், பட்டா எண்ணோடு. மதிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன். விற்கப்போகாத நிலத்துக்கு பக்கத்துக்காரர் சொல்லும் விலையைப் போட்டால், நாம் கோடீஸ்வரர் என்ற நினைப்பு வந்து கடனெல்லாம் சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கைமாற்றாகக் கொடுத்தது கடைசியில். உறவுக்காரர் ஒருவருக்கு 30,000 கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பேனாவால் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துப் பென்சிலில் எழுதினேன். பென்சிலில் எழுதியதைக் கூட்டலில் சேர்ப்பதில்லை என்பது அன்று நானே போட்ட விதி.

வலது பக்கம்

கடனை எழுதும்போது ஒரே அளவுகோல் வேண்டும். பாங்கில் வருடத்துக்கு 9 சதவீதம் என்கிறார்கள், வெளியே இரண்டு வட்டி என்கிறார்கள், குழு லோனில் வட்டியே சொல்வதில்லை, மாதம் இவ்வளவு கட்டு என்கிறார்கள். மூன்றையும் எப்படி ஒப்பிடுவது? நான் எல்லாவற்றையும் நம் ஊர் வட்டிக்கு மாற்றினேன், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று. வருட சதவீதத்தை 12-ஆல் வகுத்தால் போதும். 9 சதவீத நகைக்கடன் முக்கால் வட்டி. இரண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். கிரெடிட் கார்டு பாக்கியை இழுத்துக்கொண்டே போனால் பல கார்டுகளில் மூன்றரை வட்டிக்கு மேல் வரும், கடைத்தெருவில் அந்த வட்டி கேட்டால் சண்டைக்குப் போவோம்.

இதே அளவை இடது பக்கத்துக்கும் போடுங்கள். மூன்று சதவீத சேமிப்புக் கணக்கு கால் வட்டி. 6.7 சதவீத ஆர்.டி. அரை வட்டிக்குச் சற்று மேல். இப்படிப் போட்டபோதுதான் எங்கள் வீட்டுக் கூத்து தெரிந்தது. கஜாவுக்குப் பிறகு தென்னங்கன்று வைப்பதற்காக, தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிய 1,50,000-க்கு மாதம் 3,000 வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அதே சமயம் என்.ஆர்.இ. கணக்கில் 2,12,000 கால் வட்டிக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அவர் அதைத் தொடவில்லை. கடன் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், வட்டி எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். அந்த ஒன்றரை லட்சத்துக்கு அங்கே மாதம் 375 ரூபாய் வருகிறது, இங்கே 3,000 போகிறது. அந்த வாரமே அடைத்தோம்.

குழு லோன் கொஞ்சம் சிக்கலானது. 50,000 வாங்கினேன், 24 மாதம், மாதம் 2,583. "ஒரு வட்டிதாம்மா" என்று வந்தவர் சொன்னார். கணக்குப்படி அது உண்மைதான்: 50,000-க்கு இரண்டு வருட வட்டி 12,000, மொத்தம் 62,000, வகுத்தால் 2,583. ஆனால் மாதாமாதம் அசலும் சேர்ந்து கழிகிறதே? பத்தாவது மாதம் என் கையில் அவர்கள் பணம் 50,000 இல்லை, ஆனாலும் 50,000-க்கே வட்டி. குறையும் அசலுக்குப் பார்த்தால் அது மாதம் 1.8, கிட்டத்தட்ட இரண்டு வட்டி. மகள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். இப்போது 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டியை ஒரு விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், வாங்கி 12-ஆல் வகுங்கள்.

ஜாமீன் கையெழுத்தையும் இந்தப் பக்கம் பென்சிலில் எழுதுங்கள். அடுத்தவர் கட்டாவிட்டால் அது நம் கடன். எங்களுக்கு இது கிரெடிட் ரிப்போர்ட் (நம் பெயரில் இருக்கும் கடன்களின் விவரம்) எடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கொழுந்தனாரின் டிராக்டர் கடனுக்கு இவர் ஜாமீன் போட்டிருந்தார். அந்த ரிப்போர்ட்டைத் தர சிபிலையும் சேர்த்து நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஸ்கோரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு மூடிவிடாதீர்கள், கீழே இருக்கும் கடன் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். அதில் நீங்கள் வாங்காத கடன் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

மொய்

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். எங்கள் பக்கம் மொய் என்பது சின்ன விஷயமில்லை. ஆடி மாதம் கல்யாணம் இல்லை என்பதால் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, மேஜை போட்டு, நோட்டில் எழுதி வாங்குவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ரசீதே வந்துவிட்டது. நமக்குச் செய்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்து, அதற்கு மேலும் கொஞ்சம் வைக்க வேண்டும்.

2022 ஆடியில் நாங்கள் வைத்தோம். வந்தது 9,40,000. ஊரெல்லாம் "ஒன்பது லட்சம் வந்துச்சாமே" என்றது, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். போர் போட்டோம், மாடி அறையைப் பூசினோம். ஆறு மாதம் கழித்து மொய் நோட்டைப் பெயர் பெயராகப் பார்த்தபோது, அதில் 4,10,000 முன்பு நாங்கள் செய்ததற்குத் திரும்பி வந்தது. மீதி 5,30,000 புதிது. அதாவது கடன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஆனால் கொடுக்காவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது.

அதனால் மொய்க்குத் தனித் தாள் போட்டேன். அந்த 5,30,000-ஐ யாருக்கு எந்த வருடம் திருப்ப வேண்டியிருக்கும் என்று பிரித்தேன். எங்கள் பக்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைப்பார்கள் என்பதால் ஓரளவு ஊகிக்க முடியும். 2023 ஆடிக்கு 1,35,000, அடுத்த ஆடிக்கு 1,60,000, அதற்கடுத்து 1,20,000, மீதி 1,15,000 கல்யாணம், காதுகுத்து என்று எப்போது வேண்டுமானாலும். ஆடிக்கு ஆறு மாதம்தான் இருந்தது. மாதம் 22,500 எடுத்து வைத்தால்தான் 1,35,000 சேரும். மேலே வைக்கும் புதுப் பணம் தனி, அது நமக்கு வர வேண்டிய வரவு என்பதால் அதற்கு இடது பக்கம் பென்சில் வரி. மொய் பழக்கம் இல்லாத ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஏலச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த சீட்டுக்கு மீதித் தவணை வலது பக்கம், எடுக்காத சீட்டில் கட்டியது இடது பக்கம்.

வலது பக்கக் கூட்டல்: நகைக்கடன் 3,20,000, தெரிந்தவரிடம் 1,50,000, குழு லோனில் மிச்சம் 33,700. மொய் இல்லாமல் 5,03,700, மொய்யோடு 10,33,700. மகள் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். நான் எழுந்துபோய் டீ போட்டேன்.

வந்து போகும் பணம்

இது இரண்டு பக்கமும் முடிந்தபிறகு செய்ய வேண்டியது. புதிதாக எதையும் எழுத வேண்டாம், கடந்த 12 மாத பாஸ்புக் போதும். ஒரு மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தேங்காய் வெட்டு ஐம்பது நாளைக்கு ஒருமுறை, ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், அப்புறம் ஆடி, தீபாவளி, வீட்டு வரி. வருடத்துக்குக் கூட்டி 12-ஆல் வகுத்தால்தான் ஒரு மாதத்தின் உண்மையான செலவு தெரியும். வரவையும் அதேபோல. புயலில் தப்பிய 38 மரத்தில் வருடத்துக்குச் சுமார் 30,000 வந்தது. ஒவ்வொரு வெட்டிலும் கையில் காசு வரும்போது பெரிய வருமானம் மாதிரி இருக்கும், வகுத்தால் மாதம் 2,500.

பாஸ்புக்கைப் படிக்கும்போது தானாகப் பிடிக்கப்படும் வரிகளை மஞ்சள் பேனாவால் அடியில் கோடிடுங்கள். என்னுடைய இரண்டு கணக்கிலிருந்தும் 436 ரூபாய் போயிருந்தது. அது பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீட்டு பிரீமியம். ஒருவருக்கு ஒரு கணக்கில்தான் செல்லும், இரண்டு இடத்தில் கட்டினாலும் 2 லட்சம்தான் கிடைக்கும். ஒன்றை நிறுத்த எழுதிக் கொடுத்தேன். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் சேருங்கள். அந்த விலைக்கு ஒரு டீயும் வடையும் வராது.

மறந்த பணம்

திருப்பூர்க் கம்பெனியில் இவருக்குப் பி.எஃப். பிடித்திருந்தார்கள். யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண் தெரியாது, ஆதாரில் இருக்கும் பெயருக்கும் கம்பெனி கொடுத்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அதைத் திருத்தவே நாலு மாதம். கடைசியில் 41,000 இருந்தது. முன்பு வேலை பார்த்த ஒவ்வொரு இடத்தையும் நினைத்துப் பார்த்து எழுதுங்கள், ஒரு வருடம் பார்த்த வேலையானாலும் சரி.

பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் பாங்க் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதைத் தேட 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளம் வந்தது. பெயரோடு பான் எண் மாதிரி ஓர் அடையாளத்தைக் கொடுத்தால் எந்த பாங்கில் இருக்கிறது என்று காட்டும், பிறகு அந்த பாங்கில்தான் கேட்டு வாங்க வேண்டும். மாமனார் பெயரில் தேடினோம், ஒன்றும் இல்லை. பத்து நிமிஷ வேலை, தேடியது நல்லதுதான். மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் எல்லா ஃபண்டும் சேர்ந்த ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டை பான் எண்ணையும் இமெயிலையும் கொடுத்து வாங்கலாம். வருமான வரி இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். என்று ஒரு வருடாந்திரத் தகவல் அறிக்கை இருக்கிறது, நம் பான் எண்ணில் வந்த வட்டியெல்லாம் அதில் தெரியும். மறந்த டெபாசிட் அங்கே வட்டி வழியாக மாட்டும்.

இன்னொன்று. பாங்கில் போட்ட பணத்துக்கு ஒரு பாங்கில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஊரில் பாங்க் என்றே சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அத்தை தன் பணத்தை அங்கேதான் வைத்திருக்கிறார். சொல்லிப் பார்த்தேன். "ஐம்பது வருஷமா எனக்குத் தெரியும்" என்றார். வரியின் பக்கத்தில் குறித்து வைத்துவிட்டு விட்டுவிட்டேன்.

நோட்டில் ஏ.டி.எம். பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் எழுதாதீர்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும், எங்கள் வீட்டில் மகளுக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை, தையிலும் ஆடி பிறக்கும் முன்னும், புதுப் பக்கத்தில் புதுத் தேதி போட்டு எழுதுகிறேன். இப்போதெல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அந்த முதல் ஞாயிறு ராத்திரி இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் சாயந்திரம் வேலை முடிந்து கூப்பிட்டார். வட்டியைப் பற்றிப் பேசினார், மொய்யைப் பற்றிப் பேசினார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ரூம்ல இருந்த ஒரு பையனுக்கு 2021-ல 800 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன், உன்கிட்ட சொல்லல. அதை எங்க எழுதுறது?" என்றார்.

"அது வருமா வராதா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பென்சில்ல எழுது" என்றார்.